தவிட்டுப் பிள்ளையும் ஈ.எஸ்.ஐ. அட்டையும்

சின்னையனுக்குப் பெண்டாட்டி, பிள்ளை யாரும் கிடையாது என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதியவன் நான்தான். அவன் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தரம் பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவனும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்து, "அப்போ நீர் மட்டும் என்னய்யா யோக்கியம்?" என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் வந்தால் வீட்டில் இரண்டு நாளைக்கு யாரும் நிம்மதியாக இருக்க முடியாது.

கடலூர் முதுநகரில் ஒரு பஞ்சு மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். பெயர் கண்ணாயிரம். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், யார் லீவு, யார் டிமிக்கி என்பதெல்லாம் என் ரிஜிஸ்தரில் இருக்கும். ஒரு நிமிஷம் தாமதமாக வந்தாலும் முழு நிமிஷத்துக்கும் திட்டுவேன். நானூறு பேரும் என்னைக் கண்டால் ஒதுங்கிப் போவார்கள். சின்னையன் மட்டும் ஒதுங்க மாட்டான். அவன் உடம்புக்கு ஒதுங்க இடமும் போதாது.

அவனுக்கு புளோரூமில் வேலை. பஞ்சுப் பேலை உடைத்து உதறி இயந்திரத்துக்குள் தள்ளுகிற இடம் அது. ஷிப்டு முடிந்து வரும்போது மீசை, புருவம், காதோரம் எல்லாம் வெள்ளையாக இருக்கும். மூன்று பேர் சேர்ந்து உருட்டுகிற பேலை ஒருத்தனாக நகர்த்துவான். இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசித் தொண்டை அப்படிப் பழகிவிட்டது. அவன் ரகசியம் சொன்னால் கேட்டில் நிற்கிற வாட்ச்மேனுக்கும் கேட்கும். அப்பேர்ப்பட்ட ஆளுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான். காகிதம்! காகிதத்தில் யாராவது பெயர் எழுத ஆரம்பித்தாலே பத்தடி தள்ளி நிற்பான்.

அறுபத்திரண்டு வாக்கில் எங்கள் மில்லுக்கு ஈ.எஸ்.ஐ. வந்தது. தொழிலாளி கொஞ்சம், முதலாளி கொஞ்சம் என்று கட்டுவது. உடம்புக்கு வந்தால் வைத்தியம் உண்டு, வேலைக்கு வர முடியாத நாட்களுக்குப் பாதிச் சம்பளமும் உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் நானூறு பேருக்குப் படிவம் நிரப்ப நான் ஒருத்தன். ஒவ்வொருத்தனும் ஒரு சந்தேகம் கேட்பான். "கையெழுத்துப் போட்டா புடிச்சிக்கிட்டுப் போயி குடும்பக் கட்டுப்பாடு பண்ணிடுவாங்களாமே, நெசமா சார்?" என்று ஒருத்தன். "அந்த மருந்து எல்லாம் கலர் தண்ணின்றாங்களே?" என்று இன்னொருத்தன். குடிக்காத மருந்தைப் பற்றி இத்தனை பேருக்கு இத்தனை தெரிந்திருப்பதைப் பார்த்து எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

அப்படி ஒரு மத்தியானம் சின்னையன் வந்து மேஜைக்கு முன்னால் நின்றான்.

"அப்பா பேரு?"

"அவரு போய்ச் சேர்ந்துட்டாரு சார். எழுதிக்குங்க, பரவால்ல."

"சம்சாரம் பேரு?"

"இல்ல."

"என்ன இல்ல?"

"சம்சாரம் இல்ல. நான் ஒண்டி ஆளு. அப்படியே எழுதுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன்யா, போன மாசம் உன் வீட்டுக்கு வந்தப்ப மோர் கலந்து குடுத்துதே ஒரு பொம்பள, பொன்னின்னு, அது யாருய்யா? பேயா?"

அவன் மேஜை மேல் குனிந்தான். குரலைத் தாழ்த்துவதாக அவனுக்கு நினைப்பு. வரிசையில் நின்ற முப்பது பேருக்கும் கேட்டது. "சார், இது இன்னா காயிதம்? நோவு வந்தா, கை போனா, கால் போனா, ஆளே போனான்னு நீங்கதான படிச்சிக் காட்டினீங்க? இதுல எம் பொண்டாட்டி புள்ள பேரை எழுதினா, எமனுக்கு வீட்டு விலாசம் குடுத்தாப்பல ஆயிடும். ரெண்டைத் தூக்கிக் குடுத்தவன் சார் நானு."

அது உண்மை. முதல் பிள்ளை மூன்றாம் நாள் போனது. இரண்டாவது எட்டு மாதம் இருந்து, சிரிக்கவெல்லாம் ஆரம்பித்து, ஒரு வாரக் காய்ச்சலில் போனது. அந்த இரண்டு தடவையும் அவன் லீவு எழுதிக் கேட்கவில்லை. நானே ரிஜிஸ்தரில் போட்டுக்கொண்டேன். அதை நினைத்ததும் எனக்கு வாதாடத் தோன்றவில்லை. அப்போது வைத்தியம் தொழிலாளிக்கு மட்டும்தான், குடும்பத்துக்குக் கிடையாது. எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன என்று நினைத்து, குடும்பம் என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டுவிட்டேன். அவன் நிம்மதியாகப் பெருவிரல் வைத்துவிட்டுப் போனான்.

ஆனால் அப்போது அவன் வீட்டில் இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது.

அந்தக் குழந்தை பிறந்தது சிதம்பரத்தில், பொன்னியின் தாய் வீட்டில். இரண்டு பிள்ளை தவறிய வீட்டில் மூன்றாவதைத் தங்க வைக்க எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த குழந்தையை அடுத்த வீட்டுக்காரருக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். தவிட்டுக்குப் போன அற்பப் பொருளை எமன் சீந்த மாட்டான் என்று ஒரு நம்பிக்கை. பொன்னியின் பக்கத்து வீட்டில் சுல்தானா பீவி என்று ஓர் அம்மாள் இருந்தாள். புருஷன் பினாங்கில். நான்கு பிள்ளைகளும் திடமாக வளர்ந்துகொண்டிருந்த கை. அவள் ஒரு மரக்கால் தவிடு கொண்டுவந்து முறத்தில் கொட்டி, குழந்தையை எடுத்துக்கொண்டு, "இது எம் புள்ள. உங்க வூட்ல வளருது, அவ்ளோதான். எவன் கேட்டாலும் அப்படியே சொல்லுங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் திரும்பக் கொடுத்தாள். குழந்தைக்குத் தவிட்டம்மாள் என்று பெயர். கூப்பிடுவது தவிடு.

மற்றவர்கள் மொட்டை அடிக்கும்போதோ காது குத்தும்போதோ தவிட்டைத் திருப்பி அளந்து கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்வார்கள். சின்னையன் மீட்கவில்லை. வருஷா வருஷம் பொன்னி கேட்பாள். அவன் அடுத்த வருஷம் என்பான். முனிசிபாலிட்டியில் பிறப்பு எழுதவில்லை. குடும்ப அட்டையில் இரண்டு பேர் என்றே போட்டு, பிள்ளையின் பங்குச் சர்க்கரையையும் விட்டுவிட்டான். சம்பள நாளன்று அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வருவான். அவள் அவன் காதைப் பிடித்துத் திருகுவாள், மீசைப் பஞ்சைப் பிய்ப்பாள். "யாரு புள்ளயா?" என்று யாராவது கேட்டால் போதும். "நம்மளுது இல்லீங்க. சிதம்பரத்துல சுல்தானாக்கா புள்ள. சும்மா வளக்கறோம்" என்பான். மூக்கு, நெற்றி, நடை எல்லாம் அவனை உரித்து வைத்திருக்கும். நாங்கள் சிரிப்போம். அவன் சிரிக்க மாட்டான்.

ஆறு வயதில் அவள் நொண்ட ஆரம்பித்தாள். முதலில் விளையாட்டு என்று நினைத்தார்கள். பிறகு தூக்கத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அலறினாள். எண்ணெய் போட்டு நீவினார்கள், பச்சிலை வைத்துக் கட்டினார்கள். ஒன்றும் நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். இடுப்பு மூட்டில் டி.பி. பிள்ளை மாதக்கணக்கில் அசையாமல் படுத்திருக்க வேண்டும், காலுக்கு எடை கட்ட வேண்டும், அப்புறம் மாவுக்கட்டு. நாள் தவறாமல் ஊசி. இப்போதே செய்தால் நடப்பாள். தள்ளிப்போட்டால் மூட்டு கரைந்து கால் சூம்பிப் போகும். நோய் வேறு இடத்துக்கும் பரவலாம்.

படுக்க இடம் கொடுக்க அவர்கள் தயார்தான். ஆனால் ஊசி மருந்தில் பாதியை வெளியில் வாங்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் வாங்கினான். பொன்னியின் தோடு போனது. இரண்டாவது வாரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்று, "கட்டுப்படி ஆவல சார்" என்று மட்டும் சொன்னான். அவ்வளவு மெதுவாக அவன் பேசி நான் கேட்டதே இல்லை.

அந்த மாதம்தான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. இனிமேல் தொழிலாளியின் குடும்பத்துக்கும் ஈ.எஸ்.ஐ. வைத்தியம் உண்டு. மனைவிக்கு, பிள்ளைக்கு, ஆஸ்பத்திரியில் படுக்கை, மருந்து, ஊசி, எல்லாம். நான் அதை இரண்டு தரம் படித்தேன். மூன்றாம் தரம் படிக்காமல் எழுந்து புளோரூமுக்கு ஓடினேன். அந்தப் பஞ்சுத் தூசிக்குள் நான் காலடி எடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. தும்மல்களுக்கு நடுவே விஷயத்தைச் சொன்னேன். "நாளைக்குக் காலையில பிள்ளையைத் தூக்கிட்டு டிஸ்பென்சரிக்குப் போ. டாக்டரம்மாகிட்ட அட்டையைக் காட்டு. மாத்தி எழுதின படிவத்தை நான் ஆபீசுக்கு அனுப்பிடுறேன்" என்றேன். அவன் தலையைத் தலையை ஆட்டினான்.

மறுநாள் அவன் போனான். ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் டாக்டர் சௌந்தரம் என்று ஓர் அம்மாள். கண்டிப்பான பேர்வழி. அதற்கு முந்தின வாரம்தான் ஒருத்தன் அண்ணன் மகனைத் தன் மகன் என்று கூட்டிவந்து மாட்டியிருந்தான். அதனால் எல்லாரிடமும் கேட்ட கேள்வியை இவனிடமும் கேட்டார். "இது யார் குழந்தை?"

இந்தக் கடோத்கஜன் என்ன சொன்னான் தெரியுமா?

"நம்மளுது இல்லீங்க. சிதம்பரத்துல சுல்தானாக்கா புள்ள."

அந்த அம்மாள் அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு ஈ.எஸ்.ஐ. லோக்கல் ஆபீசுக்கு அனுப்பிவிட்டார். நான் அனுப்பிய படிவம் இரண்டு நாளில் திரும்பி வந்தது. 'ஏற்கெனவே குடும்பம் இல்லை என்று அறிவித்தவர். குழந்தை தன்னுடையது அல்ல என்று அவரே கூறியிருக்கிறார். பரிசீலிக்க இயலாது.'

நான் அன்றைக்குப் போட்ட சத்தத்தில் ஸ்பின்னிங்கில் நூல் அறுந்தது என்று பின்னால் கேலி செய்தார்கள். "அறிவு இருக்காய்யா உனக்கு? தலையில மூளைக்குப் பதிலா பஞ்சு பேலா வெச்சிருக்கே?" என்று கத்தினேன்.

"வாயில வந்துடுச்சு சார். ஆறு வருசமா சொல்ற வாயி."

"சரி, இப்பவே போய் மாத்திச் சொல்லு."

அவன் கையை விரித்தான். "எப்படி சார்? இல்ல இல்லன்னு சொன்னதாலதான் இவ்ளோ நாள் இருக்கா. இப்ப நோவுல கெடக்குற நேரத்துல, நோய்க் காயிதத்துல, எம் மவதான்னு நானே எழுதித் தரணுமா? கால் போனாலும் உசுரு இருக்கட்டும் சார்."

நம்பிக்கை கிம்பிக்கை எதுவும் எனக்குக் கிடையாது. ஆனால் இரண்டு பிள்ளையைத் தூக்கிக் குடுத்தவனும் நான் இல்லையே.

அந்த முடிச்சை அவிழ்த்தவள் பொன்னி. மில் கேட்டுக்குள் அதுவரை வராதவள், மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் விறுவிறு என்று உள்ளே வந்தாள். புருஷனை மரத்தடியில் நிறுத்தி, அத்தனை பேர் பார்க்கக் கேட்டாள். "ஆஸ்பத்திரில வா வான்னு கூப்பிடுறான். நீ எம் புள்ளன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்ட. எமன் வருவான் வருவான்னு பயந்து, அவன் வேலைய நீயே செய்யறியா?"

அவன் முகம் சுருங்கிப்போனது. அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, இந்த ஆளுகிட்டப் பேசிப் புண்ணியமில்ல. வித்தது முறையாத்தான வித்தோம்? முறையா திருப்பி வாங்கிப்புடலாம். இந்த ஞாயித்துக்கெழம இவரக் கூட்டிக்கினு போயி அக்காவ அழச்சிக்கினு வாங்க. அப்புறம் எந்த எமன் கேக்கறான்னு நான் பாத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலைப் பாசஞ்சரில் நானும் அவனும் சிதம்பரம் கிளம்பினோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக வண்டி நின்று நின்று போனது. கிள்ளை தாண்டியதும் அவன், "சார், அக்கா மாட்டேன்னு சொல்லிட்டா?" என்று கேட்டான். அவள் மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று பாதி மனசு வேண்டிக்கொள்கிறது என்பது எனக்குப் புரிந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சுல்தானா பீவிக்கு அப்போது ஐம்பதுக்கு மேல் இருக்கும். எங்களைப் பார்த்ததும் வரவேற்பே சண்டையோடுதான். "வாய்யா தம்பி! எம் புள்ளய ஆறு வருசமா நீ வெச்சிக்கினு, ஒரு பெருநாளைக்காச்சும் கூட்டியாந்து காட்டினியா? கைப்புள்ளயாப் பாத்தது. எங் கைல இருந்தா இந்நேரம் ஓதக் கத்துக் குடுத்திருப்பேன்" என்று பிடித்துக்கொண்டாள். பிறகு குழந்தையின் இடுப்பைப் பற்றிச் சொன்னதும் அப்படியே அடங்கிவிட்டாள். உள்ளே போய் டீ போட்டாள். டீயை எங்கள் முன்னால் வைக்கும்போது கண் கலங்கியிருந்தது.

"இத்தினி நாளு ஏன் திருப்பல? காது குத்துக்கு வருவீங்க, வருவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன். வேணாம்னு வுட்டுட்டீங்களோன்னுகூட நெனச்சேன்." பிறகு அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டு, "செவ்வாக்கெழம வர்றேன். ஆனா ஒண்ணு. நான் குடுத்தது சுத்தமான தவிடு, ஒரு மரக்கால், தல தட்டாம. உமி கலந்து எங்கிட்ட ஏமாத்தலாம்னு பாக்காத" என்றாள். அப்போதுதான் சின்னையன் முதல் தடவையாகச் சிரித்தான்.

அது அரிசிக்கே அலைந்த வருஷம். தவிட்டுக்கு எங்கே போவது? திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ரைஸ் மில்லில் போய்க் கேட்டேன். "மாடு வெச்சிருக்கீங்களா?" என்றான் அங்கே இருந்தவன். இல்லை என்றேன். "கோழி?" அதுவும் இல்லை. "பின்ன எதுக்கு சார் தவிடு?" என்றான். "ஒரு பொண்ணை வாங்கணும்" என்று சொல்லிவிட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். எனக்குக் கோபம் வந்தது. விவரம் முழுவதையும் கத்திச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவன் எழுந்து உள்ளே போய், தானே சலித்து, மரக்காலில் கோபுரமாக அளந்து பையில் போட்டுக் கொடுத்தான். காசு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டான். மனுஷர்கள்மேல் எனக்கிருந்த அபிப்பிராயத்தை அன்றைக்குக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மஞ்சக்குப்பத்தில் இருந்த ஈ.எஸ்.ஐ. லோக்கல் ஆபீசுக்குள் நாங்கள் நுழைந்தோம். நான், தவிட்டுப் பையோடு சின்னையன், இடுப்பில் பிள்ளையோடு பொன்னி, பின்னால் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு சுல்தானா பீவி. மேனேஜர் பழனிவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். நான் ஆதியோடு அந்தமாக எல்லாவற்றையும் சொன்னேன். 'இல்லை' என்று எழுதிய என் குற்றத்தையும் சேர்த்துத்தான்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "கண்ணாயிரம், உங்க வழக்கத்துல நான் தலையிடலை. எனக்குத் தவிடு வேண்டாம். சாட்சிக்கு நீங்களும் இந்த அம்மாவும் போதும். ஆனா அறிவிப்பு யார் கொடுக்கணும்? காப்பீடு இவர் பேர்ல. இவர் வாயால சொல்லணும், இவர் கைநாட்டு வைக்கணும். அன்னிக்கு டாக்டர்கிட்ட இல்லைன்னு சொன்னதும் இவர்தானே?" பிறகு சின்னையனைப் பார்த்தார். "சொல்லுப்பா. இது யார் குழந்தை?"

சின்னையன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை. பேலைத் தூக்கும்போதுகூட அவனுக்கு அப்படி மூச்சு வாங்கி நான் பார்த்ததில்லை. பிள்ளை அம்மா தோளில் சாய்ந்துகொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவனை ஓங்கி ஒரு அறை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

சுல்தானா பீவிதான் முன்னால் வந்தாள். அவன் கையிலிருந்த பையை வாங்கிப் பிரித்து, ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்து, மறுபடி கட்டிக்கொண்டாள்.

"தம்பி, தவிடு எங் கைக்கு வந்துடுச்சு. கணக்கு நேராயிடுச்சு. இந்த நிமிசத்துலேந்து இவ எம் புள்ள இல்ல. நீயும் இல்லன்னா, இவ யாருய்யா? ரோட்டுல கெடந்த புள்ளயா?"

ஆபீசில் தட்டச்சு அடித்துக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார்.

"எம் மவ" என்றான் சின்னையன். பிறகு கொஞ்சம் கூட்டி, "நான் பெத்த மவதாங்க" என்றான். சொல்லிவிட்டு மேலே கூரையைப் பார்த்தான். கூரை இடிந்து விழவில்லை.

மேனேஜர் பேனாவை எடுத்தார். "பேர்?"

"தவிட்டம்மாள்" என்று நான் ஆரம்பித்தேன்.

"இல்ல சார்." சின்னையன் என் கையைப் பிடித்து நிறுத்தினான். "லோகநாயகி."

பொன்னி அப்படியே திரும்பினாள். "யாரு பேரு அது?"

"இவ பேருதான்."

"எப்ப வெச்ச?"

"பொறந்த அன்னிக்கே. மனசுக்குள்ள வெச்சேன். வெளிய சொன்னா போயிடுவாளோன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

பொன்னி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ஆறு வருஷம் கூடவே படுத்து எழுந்தவளுக்கே தெரியாமல் ஒரு பெயரை வைத்துப் பாதுகாத்திருக்கிறான் பாவி! மேனேஜர் அந்தப் பெயரை நிதானமாக, அழகான கையெழுத்தில் எழுதினார். சின்னையன் பெருவிரலை மையில் தோய்த்து, படிவத்தில் ஓட்டை விழுகிற மாதிரி அழுத்தினான்.

அந்த வாரமே படுக்கை கிடைத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஈ.எஸ்.ஐ. நோயாளிகளுக்கென்று ஒதுக்கியிருந்த கட்டில். காலில் பட்டை கட்டி, கயிற்றில் மணல் பை தொங்கவிட்டார்கள். ஊசி மருந்து டிஸ்பென்சரி மூலமாக வந்தது. ஒரு நாள்கூடத் தவறவில்லை. பொன்னி அங்கேயே தங்கிவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்களோடு சண்டையும் போட்டாள், அவர்களுக்குக் கஞ்சியும் காய்ச்சிக் கொடுத்தாள். முன்பு ஊசிக்கு ஊசி சின்னையன் முகம் கறுத்துப்போகும். இப்போது, "இன்னிக்கு நாப்பதாவது ஊசி சார், புள்ள அழவேயில்ல" என்று பெருமையாக வந்து சொல்வான்.

முதல் நாள் கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையைப் பார்த்து அவன் பின்வாங்கியது உண்மை. "இவ்ளோ பெருசாவா எழுதணும்?" என்று கேட்டான். பிறகு என்னிடம், "படிங்க சார்" என்றான். 'லோகநாயகி. தகப்பனார் சின்னையன்' என்று படித்தேன். "மறுபடி படிங்க" என்றான். தினமும் ஷிப்டு முடிந்து தலையில் பஞ்சோடு அங்கே போய், அந்த அட்டைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பான். எழுத்துத் தெரியாதவன், இரண்டு மாதத்தில் அந்த இரண்டு பெயரை மட்டும் விரலால் காற்றில் எழுதப் பழகிக்கொண்டான்.

இதில் ஒரு கூத்து. பிள்ளைக்குத் தன் பெயர் தெரியாது. நர்ஸ் வந்து "லோகநாயகி" என்று கூப்பிட்டால் அடுத்த கட்டிலைக் கை காட்டுவாள். ஒரு தடவை அவளுடைய பால் அந்தக் கட்டிலுக்கே போய்விட்டது. "நீதாண்டி அது" என்று பொன்னி சொன்னால், "நான் தவிடு" என்று சண்டை பிடிப்பாள். அவளைப் பழக்குவதற்கு மூன்று வாரம் ஆனது. சுல்தானா பீவி மாதம் ஒரு தடவை பாசஞ்சரில் வந்து பார்த்துவிட்டுப் போவாள். அந்தத் தவிட்டைத் தன் கோழிகளுக்குப் போட்டுவிட்டதாகவும், முட்டை நன்றாக வைக்கிறது என்றும் சொல்லி முட்டை கொண்டுவந்து கொடுப்பாள்.

மணல் பை போய் மாவுக்கட்டு வந்தது. ஒன்பதாவது மாதம் அதையும் வெட்டினார்கள். கால் குச்சியாக இருந்தது. பிள்ளை ஒரு கை கட்டிலையும் ஒரு கை அப்பன் வேட்டியையும் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வேட்டியை விட்டாள். பிறகு கட்டிலையும் விட்டாள். இடது கால் அரை அங்குலம் குட்டை. அதற்கென்ன! நான்கு அடி நடந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எம்மா, தெருவுல ஐஸ் வண்டி" என்றாள்.

வீட்டுக்குப் போகுமுன் டிஸ்பென்சரியில் காட்டிவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள். நானும் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன். என் ரிஜிஸ்தரில் என் பெயருக்கு நேராக நானே லீவு போட்டுக்கொண்டது அந்த வருஷத்தில் அது ஒன்றுதான். மருந்துக்குச் சொந்த பாட்டிலோடு ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். டாக்டர் சௌந்தரம் இடுப்பைத் தட்டிப் பார்த்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார், சீட்டில் எழுதினார். பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டு, சின்னையனை நிமிர்ந்து பார்த்தார். அவர் வேண்டுமென்றே கேட்டாரா, பழக்கத்தில் கேட்டாரா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"இது யார் குழந்தை?"

புளோரூம் இயந்திரங்கள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது பேசுகிற குரலில் பதில் வந்தது.

"நம்ம புள்ளதாங்க! எம் மவ லோகநாயகி!"

வெளியே வரிசையில் யாரோ பாட்டிலைக் கீழே போட்டு உடைத்தார்கள். டாக்டரம்மா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிள்ளை அவன் காதைப் பிடித்துத் திருகி, "கத்தாதப்பா" என்றாள்.